பச்சையாக எரிந்த மருந்து

3-2-84, வெள்ளி
செட்டிகுளத்தில் கெமிஸ்ட்ரி படித்தவள் நான் ஒருத்திதான். அதனால்தானோ என்னவோ, என் பேச்சை ஒருவரும் கேட்பதில்லை. இவருடைய சிநேகிதர், லப்பைக்குடிக்காட்டு ஷேக் தாவூது அண்ணன், துபாயிலிருந்து லீவில் வந்தவர் ஆளுக்கொரு டின் கொடுத்திருக்கிறார். எங்களுக்கு ஒன்று, ஊரில் இன்னும் நாலு பேருக்கு. இன்ஜின் ஆயிலில் கலக்கிற மருந்தாம். தேய்மானமே வராதாம். இவர் கிணற்று இன்ஜினில் அரை டின் ஊற்றியும் விட்டார்.

"அதுல என்ன இருக்குன்னு பார்க்க வேணாமாங்க?"

"துபாய்ல லாரிக்கே ஊத்துறான். அவனுக்குத் தெரியாதது உன் பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும்!"

6-2-84, திங்கள்
நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூட லேபில் சோதித்தேன். செம்புக் கம்பியில் ஒரு சொட்டுத் தொட்டுச் சுடரில் காட்டினேன். பச்சையாக எரிந்தது. குளோரின்! சூடும் ஈரமும் சேர்ந்தால் அமிலமாகும், பேரிங்கை அரிக்கும். வீட்டுக்கு வந்து சொன்னால், "பச்சையா எரிஞ்சா நல்லதுதானே?" என்கிறார்.

இந்த மனுஷரோடு என்னத்தைப் பேச? இரண்டு ஏக்கர் சின்ன வெங்காயம் அந்த ஒரு இன்ஜினை நம்பி நிற்கிறது.

7-2-84, செவ்வாய்
(லேபில்) பேசிப் பயனில்லை. வெங்காயத்துக்கு அடுத்த தண்ணீர் வியாழக்கிழமைதான். காலையில் இவர் பால் கறக்கிற நேரம் பார்த்து, மருந்து கலந்த ஆயிலை முழுக்க வடித்துவிட்டேன். புது ஆயில் ஊற்றுவதற்குள் பெரம்பலூர் பஸ்காரன் ஹாரன் அடித்தான். வடித்ததைக் கேனோடு இங்கே கொண்டுவந்துவிட்டேன். புதுசைச் சாயங்காலம் ஊற்றிக்கொள்ளலாம்.

சாயங்காலம் —
வெங்காயத் தாள் வாடுகிறதென்று இவர் இன்றைக்கே இன்ஜினை ஓட்டியிருக்கிறார். பத்தே நிமிஷம். இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!

8-2-84, புதன்
மெக்கானிக் சாமிக்கண்ணு பிரித்துப் பார்த்தார். பேரிங் கருகிவிட்டது. உள்ளே சொட்டு ஆயில் இல்லை.

"மருந்து ஆயிலையே தின்னுடுச்சுங்க."

எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது? உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் இவர், "நீ அப்பவே சொன்ன அம்சு. நான்தான் கேக்கல" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

10-2-84, வெள்ளி
டின் வாங்கின நாலு பேரும் மருந்தைக் கொட்டிவிட்டார்கள். எங்கள் அரை டின் பரணுக்குப் போனது.

12-2-84, ஞாயிறு
ஷேக் தாவூது அண்ணன் தன் மச்சான் வீட்டு இன்ஜினை டிராக்டரில் ஏற்றிவந்து எங்கள் கிணற்றில் இறக்கினார். "என்னாலதான் தங்கச்சி, மன்னிச்சுக்க" என்றார். அதற்கு மேல் தாங்கவில்லை. இவர், சாமிக்கண்ணு, எல்லார் முன்னாலும், ஆயிலை வடித்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மருந்து மேல தப்பில்ல, அல்ஹம்துலில்லாஹ்!"

"மருந்தும் தப்புதாண்ணே, குளோரின்—"

யார் கேட்டார்கள்? இவர் பால் செம்பை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

19-2-84, ஞாயிறு
எங்கள் இன்ஜினுக்குப் புது பேரிங் போட்டாயிற்று. வெங்காயம் பிழைத்துக்கொண்டது. இவர் தன் கையாலேயே ஆயிலை அளந்து ஊற்றினார். பிறகு பரணிலிருந்து அந்த அரை டின்னை இறக்கி அதையும் ஊற்றினார்.

"இதையும் வடிச்சுடாத தாயே" என்று சிரிக்கிறார்.

பச்சையாக எரிந்தது நிஜம். சொல்ல எனக்கு வாய் ஏது?