எந்த வண்டியும் ஏற்காத மண்

அன்புள்ள மகளுக்கு,

நலமா என்று கேட்டு இடத்தை வீணாக்கவில்லை. இந்த மாதங்களில் நீ நலமாக இருந்தே தீர வேண்டும். பிரசவத்துக்கு இங்கே வருவதாக எழுதியிருந்தாய். வராதே. தொலைபேசியில் சொல்ல வழியில்லை. உன் குரல் கேட்டதும் அப்பா என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்.

நீ வரும் செய்தி கிடைத்ததிலிருந்து அவர் கொல்லைப்புறத்திலேயே குடியிருந்தார். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கடைக் கீரை ஆகாதாம். காய்கறித் தோலையெல்லாம் மக்கவைத்து உரமாக்கினார். எங்கிருந்தோ வாளி வாளியாகச் சாம்பலும் சுமந்துவந்து கொட்டினார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "தொழில் ரகசியத்த யாராவது சொல்வாங்களாடி?" என்றார். கீரை முழங்கால் உயரம் வளர்ந்தது. அத்தனை அழகான கீரையை நான் பார்த்ததில்லை.

தெருக்கோடிப் பட்டறையில் பழைய கம்பிகளையும் கணினிப் பலகைகளையும் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள். பட்டறைக்காரரின் சின்ன மகளுக்கு வலிப்பு வந்து, ரத்தத்தில் காரீயம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். சாம்பல் அங்கிருந்து வந்ததாம். கீரையையும் மண்ணையும் என் பழைய மாணவியின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். இரண்டிலும் காரீயம். எங்கள் ரத்தத்தையும் சோதித்தார்கள். அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

அப்பா கீரையைப் பிடுங்கினார். மேல்மண்ணை வெட்டி மூட்டை கட்டினார். குப்பை வண்டிக்காரப் பெண் மூட்டைகளைப் பார்த்து, "மக்குற குப்பையா, மக்காததா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்" என்றாள். "மண்ணும்மா. ஏற்கெனவே மக்கினதுதான்" என்றார் இவர். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், மூட்டையைத் தொடவில்லை. நச்சுக்கழிவு வண்டியோ தொழிற்சாலைகளுக்கு மட்டும்தானாம். வெளியே வைத்தால் மழையில் கரைந்து பக்கத்து வீட்டுக் கிணற்றில் இறங்கும் என்று, எல்லாவற்றையும் உனக்காக வெள்ளையடித்த அறைக்குள் அடுக்கி, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்திருக்கிறார். "அவ வர்றதுக்குள்ள காலி பண்ணிடறேன்" என்று தினமும் சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன்.

அறை காலியானாலும் பயனில்லை. தெருத் தூசியிலேயே காரீயம் இருக்கிறது என்கிறாள் மாணவி. வயிற்றுப் பிள்ளையின் மூளையைத்தான் அது முதலில் பதம் பார்க்கும். பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளும் ஆசைக்காக, நான் படித்த வேதியியலை மறந்துவிட முடியாது.

எனக்கு ஓர் உபகாரம் செய். பயணம் கூடாதென்று உன் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாக அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. பொய் சொல்ல உனக்கு வராது. ஆகையால் சுருக்கமாக எழுது. தான் போட்ட சாம்பலால்தான் மகள் வீட்டுக்கு வரவில்லை என்று அந்த மனிதர் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

குழந்தை தவழத் தொடங்கியதும் மண்ணை அள்ளி வாயில் போடும். எல்லாக் குழந்தைகளும் போடும். அதைக் கண்டு நீ பதறாமல் சிரிக்க முடிகிற ஊரிலேயே அது வளரட்டும். என்னிடம் உள்ள ஆசீர்வாதம் இவ்வளவுதான்.

உன் அம்மா