பேசுபவர் 3

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். பள்ளிக்கூடம் திறந்தாச்சு, டிரங்க் ரோடு முழுக்க மஞ்சள் வேன். மாவு அரைக்கப் போனேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் எனக்கு முன்னால் அரைத்துக்கொண்டு போனார்கள். ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல.

ஷீலா ஒரு வேலை அறிவிப்பு அனுப்பியிருக்கிறாள். கல்லூரியில் பக்கத்து பெஞ்ச், இப்போது வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறாள். மொழித் தொழில்நுட்ப ஆய்வுக்கூடம் ஒன்றில் தரவு உதவியாளர். ஜனங்கள் பேசுவதைப் பதிவு செய்து, பேசினபடியே தட்டச்சு செய்யவேண்டும். அதை வைத்துக் கம்ப்யூட்டருக்குப் பேச்சுத் தமிழ் கற்றுக்கொடுப்பார்களாம். "தமிழ் படித்தவர்களுக்கு முன்னுரிமை." நாலு தரம் படித்தேன். எங்கள் வீட்டின் முதல் டிகிரி என்னுடையது, அதுவும் பி.ஏ. தமிழ். அதற்கு முன்னுரிமை என்று எங்கேயும் பார்த்ததில்லை.

ஜூலை ஒன்றிலிருந்து சூப்பர் மார்க்கெட்டில் (இனி சூ.மா.) பில் கவுண்டர். அப்பா மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குள் இது கிடைத்தால் தப்பித்தேன். இல்லாவிட்டால் நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் "கவர் வேணுமா சார்?"

விண்ணப்பத்தோடு மாதிரி ஒன்று அனுப்பவேண்டும். இரண்டு பேருக்குக் குறையாமல், அரை மணி நேரம், சாதாரணப் பேச்சு. பதிவைத் தொடங்கும் முன் அனுமதி கேட்கவேண்டும், அது பதிவிலேயே கேட்கவேண்டும். அடுத்த திங்கட்கிழமை கடைசி நாள்.

அரை மணி நேரம் பேச வைப்பதா? யார், நானா?

ஜூன் 11, புதன்

அம்மாவிடம் ஆரம்பித்தேன். அடுப்படியில் தனியாக இருந்தாலே மிக்சியோடு சண்டை போடுகிறவள். போனை வைத்து அனுமதி கேட்டதும் முந்தானையைச் சரி செய்துகொண்டு நின்றாள்.

"பேசும்மா."

"இன்னாத்த பேசுறது?"

"எப்பவும் பேசுறத."

"நான் எப்போ பேசுனேன்?"

அவ்வளவுதான் பதிவு.

சாயங்காலம் அப்பா கடை. ஆட்டோவுக்கு சீட்டு தைக்கிற கடை, மெட்ரோ தூணுக்கு எதிரில். பக்கத்துக் கடை காதர் பாய், பஞ்சர். இரண்டு பேரும் விடிந்ததிலிருந்து சண்டை, ஆனால் ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தர் டீ குடிக்கமாட்டார். இவர்கள் போதுமே என்று நினைத்தேன்.

போன் ஆன். அப்பா தொண்டையைச் செருமினார். "வணக்கம். எனது பெயர் ஏழுமலை. நான் பூவிருந்தவல்லியில் ஆட்டோ இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழில் புரிந்து வருகின்றேன்."

பூவிருந்தவல்லி! ஊரின் இந்த முழுப்பெயரை பஸ் போர்டைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பாய் மாமா அதற்கு மேல். "அன்பார்ந்த நேயர்களே" என்று தொடங்கி, அப்படியே நின்றுவிட்டார்.

"முட்ஞ்சிச்சா பாப்பா? நல்லா வந்துகீதா?"

ரொம்ப நல்லா வந்திருக்கு மாமா என்றேன். வேறென்ன சொல்ல.

ஜூன் 13, வெள்ளி

வாங்கினது: வெள்ளை நூல், பெரிய ஊசி (அப்பாவுக்கு), ரவை.

மறுபடி முயற்சி, மறுபடி வணக்கம். போனை பெஞ்சில் மறந்துவிட்டு டீ வாங்கப் போனேன். பதிவு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து கேட்டால், தங்கம்! சிரிப்பு, வசவு, கம்ப்ரசர் சத்தம், ஒரு ஆட்டோக்காரரை இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டுவது, எல்லாம். நடுவில் நான் வருகிறேன்.

பாய்: "உன் பொண்ணு வாயே தொறக்காதே நைனா. பில்லு கவுண்டர்ல குந்திகினு இன்னா பண்ணும்?"

அப்பா: "அதான் பாய் எனக்கும் தூக்கம் வரல. அவசரத்துல வாக்கு குட்த்துட்டேன். அது இன்னாவோ பேச்சு புடிக்கிற வேலன்னு அலையுது. அது கெட்ச்சிச்சின்னா நானே போயி அந்த மேனேஜர் கால்ல உயுந்துட்டு வந்துருவேன்."

இரண்டு தரம் கேட்டேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறே என்றார். ரசம் வேணுமா என்றேன்.

ஷீலாவுக்கு போன் செய்தேன். "டீ லூசு பவானி, அனுப்புடி. அனுமதி கேக்குற துண்ட முன்னால ஒட்டிடு. யாருக்குத் தெரியும்?" நியாயம்தான். யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் அனுமதி கொடுத்தது வணக்கத்துக்கு. இதற்கு இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

மத்தியானம் ஒரே ஒரு தூறல். மண் வாசனை வருவதற்குள் நின்றுவிட்டது.

கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், அங்கே போனதும் எல்லாம் மறந்து, "உங்க ரெண்டு பேரையும் தெரியாம ரெக்கார்டு பண்ணிட்டேன், அழிச்சிடப்போறேன்" என்று ஒரே மூச்சில். அப்பா முகம் மாறிற்று, என்ன சொன்னோம் என்று யோசித்திருப்பார். பாய் மாமாவுக்கு ஒரே குஷி.

"அயிக்கிறதுக்கு முன்னால போடு, கேப்போம்."

போட்டேன். முதல் விஷயம், இரண்டு பேருக்கும் தங்கள் குரல் பிடிக்கவில்லை.

"நானா இது? சளி புட்ச்ச மாதிரி கீது."

"உன் கொரலே அதான் பாய். முப்பது வருசமா நான் கேட்டுகினு கீறேன்ல."

மேனேஜர் காலில் விழுவதாக அப்பா சொல்லும் இடம் வருவதற்குள் நிறுத்தினேன். அவர்கள் கண் எதிரிலேயே அழித்தேன். பிறகு கேட்டேன்: "இப்ப முதல்லேருந்து எடுக்கட்டுமா? உங்களுக்கு சம்மதமா?"

"எட்த்துக்கோ எட்த்துக்கோ. இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"நம்ம பேச்சு கம்ப்யூட்டருக்குப் புரிய மாட்டேங்குதாம் மாமா."

"எங்க ஊட்டு அம்மாவுக்கே புரியல, கம்ப்யூட்டருக்கா புரியப்போவுது?" என்று கம்ப்ரசரை அணைத்தார்.

அப்பா "வணக்க..." என்று ஆரம்பித்தார். பாய் மாமா விடவில்லை. "இரு நைனா. அன்னிக்கு பாப்பா எட்த்த ரெக்கார்டுல என் பஞ்சர் நிக்காதுன்னு சொன்னியே, அத்த இப்போ சொல்லு." அவ்வளவுதான். போனை மறந்தார்கள். பஞ்சரிலிருந்து இரண்டு கடைக்கும் பொதுவாகக் கட்டிய தார்ப்பாய்க்குப் போயிற்று. மழை பெய்தால் தண்ணீர் யார் பக்கம் கொட்டுகிறது, கட்டினது யார், மெட்ரோ ஓட ஆரம்பித்தால் அது எங்கே போகும். கை வலிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

நாள் முழுக்கத் தட்டச்சு. அப்பா பேசுபவர் 1 (பே1), பாய் மாமா பே2. முக்கால்வாசி போனதும் ஒரு பெண் குரல். யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்தேன். நான்!

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா? தப்பு கயித்து மேல. போன மழைக்கு குச்சி வெச்சி தண்ணிய தள்ளிவிட்டது யாரு? நானு. உங்க ரெண்டு பேருக்கும் தார்ப்பாயும் கட்டத் தெரியல, சண்டையும் போடத் தெரியல."

இன்னும் நிறைய இருக்கிறது. இவ்வளவு சத்தமாகவா? வெட்டிவிடலாமா என்று பார்த்தேன். வெட்டினால் அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஏன் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்று புரியாது. பே3 என்று போட்டேன். அனுப்பியாச்சு.

ஜூன் 20, வெள்ளி

வீடியோவில் நேர்காணல். அம்மாவின் பச்சைச் சேலையைப் பின்னால் திரையாகக் கட்டினோம். கீழே பைஜாமா.

ஆய்வுக்கூடத்து மேடம், சாந்தமான முகம். கேட்டதற்கெல்லாம் நான் ஒரு வரி, அரை வரி. பிறகு, "'அன்னிக்கு பாப்பா எட்த்த ரெக்கார்டு'ன்னு ஒருத்தர் சொல்றாரே, அது எது?"

வேறு ஏதோ என்று சொல்லியிருக்கலாம். நடந்ததைச் சொன்னேன். அனுமதி இல்லாமல் ஓடிவிட்டது, ரொம்ப நன்றாக இருந்தது, அழித்துவிட்டேன்.

மேடம் எதையோ எழுதினார். ரொம்ப நேரம் எழுதின மாதிரி இருந்தது.

"பேசுபவர் மூணு யாரு?"

"நான்தான் மேடம்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நீங்களா?" சொல்லி அனுப்புகிறோம் என்றார். வைத்துவிட்டார்.

ஜூன் 25, புதன்

ஒன்றும் இல்லை. சூ.மா. சீருடைக்கு அளவு கேட்டிருக்கிறார்கள். மெரூன் கலர்.

ஜூன் 27, வெள்ளி

வெயில். கடையில் ரெக்சின் ஒட்டிக்கொண்டிருந்தேன், கை முழுக்க சொல்யூஷன் பசை. என் போன் அடித்தது. அப்பா எடுத்தார். எழுந்து நின்றார்.

"வணக்கம். பூவிருந்தவல்லியிலிருந்து ஏழுமலை பேசுகின்றேன்... அப்படியா?... மிக்க மகிழ்ச்சி... தங்களுடைய அழைப்பிற்கு எனது உளமார்ந்த நன்றி."

வைத்துவிட்டார்.

"யாருப்பா?"

"அந்த மேடம்."

"என்ன சொன்னாங்க?"

அப்பா முழித்தார். "அத்த கவனிக்கலம்மா. அடுத்து இன்னா சொல்றதுன்னே யோசிச்சினு இருந்துட்டேன்."

பாய் மாமா தலையில் அடித்துக்கொண்டார். "யோவ் ஏய்மல, மிக்க மகிழ்ச்சின்னியே, எதுக்குய்யா மகிழ்ச்சி?"

"ஒரு மரியாதிக்கு சொன்னேன் பாய்."

கையைக்கூடத் துடைக்கவில்லை. நானே போன் போட்டேன். ஆய்வுக்கூடத்தில் மூன்று பவானிகள் விண்ணப்பித்திருந்தால் என்ன செய்வது என்று அந்த நேரத்தில் எப்படித்தான் தோன்றிற்றோ.

"மேடம், பேசுபவர் மூணு பேசுறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. ஒன்றாம் தேதி, ஒன்பதரை மணி. அடையாள அட்டைக்கு போட்டோ கொண்டு வரணும்.

போனில் சொல்யூஷன் ஒட்டி, காதிலும் ஒட்டிக்கொண்டது.

சூ.மா. மேனேஜரிடம் யார் போய்ச் சொல்வது என்று இப்போது கடையில் சண்டை. அப்பா, "பாய், நீதான் நல்லா பேசுவ" என்கிறார். பாய் மாமா, "கால்ல உயுவேன்னியே, போ." அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சண்டையைப் பதிவு செய்யவில்லை.