எதிர் வீட்டுக் காரமுட்டை

கொச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுது டப்பாவின் மூடியைத் திறந்ததும் புளித்த மாவும் வெல்லமும் மிளகாயும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. நீ என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பச்சை வாடை போக வதக்குடி" என்று சொல்வதுபோலவே இருந்தது. அடுப்பைப் பற்ற வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். நின்றது உன் சமையலறையில் இல்லை, என்னுடையதில். அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தவர் அண்ணன்தான். உன் வீட்டுக்காரரை நான் அண்ணா என்பதும் அவர் என்னை சிஸ்டர் என்பதும் இன்னும் மாறவில்லை. ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்தாராம். "இத நீங்களே வச்சுக்கங்க சிஸ்டர். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல" என்று வாசலில் நின்றபடியே நீட்டினார். கோடை விடுமுறையில் ஆஸ்பத்திரிக்குப் போன நீ, பள்ளிக்கூடம் திறந்தபோது இல்லை. உன் கணக்கு வகுப்புக்கு வேறு டீச்சர் வந்துவிட்டார்கள். அண்ணன் கேம்ப் ரோடு மெஸ் சாப்பாட்டில் காலத்தை ஓட்டுகிறார். வேலைக்குப் போவது, வருவது, கதவைச் சாத்திக்கொள்வது, அவ்வளவுதான்.

டிசம்பர் வந்தது. மொட்டைமாடி கிறிஸ்துமஸ் பார்ட்டிக்கு யார் வீட்டில் என்ன பலகாரம் என்று அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் வரிசையாகப் போட ஆரம்பித்தார்கள். இரண்டாம் மாடிப் பெண் ஒன்றும் யோசிக்காமல், "கொரியன் எக் இந்த வருஷம் யாரு?" என்று கேட்டுவிட்டது. வருஷா வருஷம் நீ செய்த பலகாரம் அது; அதற்குப் பிறகு யாரும் எதுவும் போடவில்லை. எனக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. "நான்" என்று போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது, எங்கே வைத்துச் செய்வது?

உனக்குத் தெரியாததா? மாமியார் இருந்தவரை எங்கள் வீட்டில் முட்டை என்ற பேச்சே கிடையாது. கேக் வாங்கினால்கூட அது இல்லாத கேக்காகப் பார்த்து வாங்க வேண்டும். அவர் போன பிறகும் சட்டம் போகவில்லை. "சட்டம் போட்டவங்க போய்ச் சேந்துட்டாங்க. போலீஸ் வேலைய நீ பாத்துக்கிட்டிருக்க" என்று கிண்டல் செய்வாய். எனக்குக் கோபம் வரும்.

ஊரடங்கு நேரத்துக் காய்ச்சலில் நான் துவண்டு கிடந்தபோது டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னார். நான் திருதிருவென்று விழித்தேன். நீ உன் வீட்டில் அவித்து, மிளகு தூவி, "மருந்துன்னு நினைச்சு முழுங்குடி" என்று எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்தாய். காய்ச்சல் போய்விட்டது, மருந்து நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் எங்கள் வாசலில் நின்று, "மருந்து நேரம் ஆச்சு!" என்று குரல் கொடுப்பாய். நானும் பெரிய நோயாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கிளம்பி வருவேன். மருந்து சாப்பிட்டபடியே உன் டிவியில் கொரிய சீரியல் பார்த்து, யாரோ முகம் தெரியாத பெண்ணுக்காக இரண்டு பேரும் மூக்கைச் சிந்துவோம்.

அந்தப் பைத்தியத்தில்தான் காரமுட்டையும் வந்தது. திருமுடிவாக்கத்தில் அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனிக்கு வந்துபோகும் கொரியாக்காரர் ஒருவர் முதல் டப்பாவைக் கொடுத்திருந்தார். முட்டையை அவித்து, இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து மயோனைசும் இந்தச் சிவப்பு விழுதும் போட்டு மசித்து, திரும்ப வெள்ளைக்குள் நிரப்ப வேண்டும் என்று போனில் பார்த்தாய். ஆங்கிலத்தில் டெவில்ட் எக்ஸ் என்று இதற்குச் சாத்தான் பெயரை வைத்திருக்கிறார்களே, கிறிஸ்துமஸுக்கு இது சரிப்படுமா என்று நான்தான் பயந்தேன். "பாஸ்டர் கேட்டா காரமுட்டைன்னு சொல்லிக்கலாம். ருசியா இருந்தா அவரு பேரே கேக்க மாட்டாரு" என்றாய். அவர் கேட்கவும் இல்லை, நாலு சாப்பிட்டார்.

ஆனால் விழுதை அப்படியே பச்சையாகப் போடச் சொல்லியிருந்தது நம் இருவருக்கும் ஒப்பவில்லை. எந்த விழுதாவது வதக்காமல் வாயில் வைப்போமா? நல்லெண்ணெயைக் காயவைத்து, தொக்கு கிண்டுவதுபோல் கிண்டினோம். அதில் இனிப்பு இருப்பது யாருக்குத் தெரியும்? பச்சை வாடை போவதற்குள் கமர்கட்டுப் பாகு மாதிரி கருகி இறுகிச் சட்டியைப் பிடித்துக்கொண்டது. வேறு டப்பாவும் இல்லை, விருந்தாளிகள் மாடியேறிக்கொண்டிருந்தார்கள். கரண்டியால் சுரண்டி, உடைத்து, மஞ்சள் கருவில் கலந்துவிட்டாய். பால் கவரின் நுனியை வெட்டி அதில் அடைத்துப் பிழிந்தோம். உருண்டு ஓடாமல் இருக்க உன் இட்லித் தட்டின் குழிகளில் உட்கார வைத்து மேலே எள்ளும் வெங்காயத்தாளும் தூவினோம். "நடுவுல மொறுமொறுன்னு வருதே, அது என்ன டீச்சர்?" என்று எல்லோரும் கேட்டார்கள். கண்ணை இமைக்காமல், "கொரியாவுல அப்படித்தான்" என்றாய். அதற்குப் பிறகு வருஷா வருஷம் வேண்டுமென்றே கருகவிட்டோம்.

உன் வீட்டுச் சாவியைக் கேட்டால் அண்ணன் கொடுத்திருப்பார். ஆனால் நீ இல்லாத அந்த அடுப்பின் முன்னால் என்னால் நிற்க முடியாது. அதனால் பார்ட்டி அன்று காலை கேம்ப் ரோடு கடைக்குப் போய் முதல்முறையாக நானே முட்டை கேட்டேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாக்கா, முட்டையா? டீச்சரம்மா இல்ல வாங்கிகினு போவும்?" என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். பேசாமல் நல்ல முட்டையாகப் பொறுக்கிப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

பொட்டலத்தைச் சமையல் மேடைமேல் வைத்ததும் என் வீட்டுக்காரர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தார்.

"இது என்ன?"

"முட்டை. இன்னிக்கு இங்கதான் பண்ணப்போறேன்."

"அதுவும் மார்கழி மாசத்துல! எப்பவும்போல அங்கயே போய்ப் பண்ண வேண்டியதுதானே?"

"அங்க அவ இல்லீங்க."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். உனக்காக நான் அவர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மருந்து மருந்துன்னு நீ எத்தனை வருஷமா அங்க போய்ச் சாப்பிட்டுட்டு வந்த. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? அம்மாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் நான் வாயத் திறக்கல" என்றார். பிறகு போய்விட்டார். கோபித்துக்கொண்டு வாக்கிங் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

அவிப்பதும் உரிப்பதும் எப்போதும் உன் வேலை. எனக்கு உரிக்க வரவில்லை, பாதி முட்டை ஓட்டோடு பிய்ந்து வந்தது. அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஒவ்வொன்றும். நீ பார்த்திருந்தால் இந்த ஜென்மத்துக்கும் என்னைக் கிண்டல் செய்வதை விட்டிருக்க மாட்டாய். விழுதை மட்டும் சரியாகக் கருக வைத்தேன். நிமிர்ந்தால் பரணில் ஏதோ உருட்டும் சத்தம். என் வீட்டுக்காரர் ஸ்டூல்மேல் நின்று எங்கள் பெரிய இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தார். "இதுலதானே அடுக்குவீங்க? மாடியில பாத்திருக்கேன்" என்று துடைத்து வைத்துவிட்டுப் போனார். மாமியார் கொண்டுவந்த தட்டு அது.

மாடியில் அண்ணன் வருவாரா என்றுதான் எனக்குக் கவலை. உன் சர்ச்சுக்காரர்கள் பாட ஆரம்பித்த பிறகு வந்தார். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டார். தட்டோடு போய் நின்றேன். ஒன்றை எடுத்து மெதுவாக மென்றார்.

"கருகியிருக்கு சிஸ்டர்."

"கருகினாத்தான்ணா சரி. கொரியாவுல அப்படித்தானே?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்பெனிக்கு வர்ற அந்தக் கொரியாக்காரரையே கேட்டுட்டேன். இத யாராவது போய் வதக்குவாங்களான்னு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவகிட்ட கடைசிவரைக்கும் சொல்லல. சொன்னா வதக்கறத நிறுத்திடுவா" என்றார். பேசிக்கொண்டே இன்னொன்றை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு காரம் என்றார். பார்ட்டி முடியும்வரை கீழே இறங்கவில்லை.

இதெல்லாம் நடந்து சில வாரங்கள் ஆகின்றன. எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்கென்று குழி குழியாக ஒரு தட்டு இருக்கிறதே, வாங்கிய நாளிலிருந்து அதில் எலுமிச்சம்பழத்தைத்தான் வைத்திருந்தேன். இப்போது பழங்கள் கீழ்த்தட்டுக்குப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ஒன்றை அவிக்கிறேன், ஒழுங்காக உரிக்கவும் வந்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நீ ஆசைப்பட்டதும் இதைத்தான். ஆனால் ஒரு முட்டை சாப்பிட இனி நான் உன் வீட்டுக்கு வரவேண்டியதில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.