பூஜை போட்ட ஆக்ஸிலேட்டர்

என் சுந்தரா, சொல்லாமல் கிளம்பிப் போன என் செல்லத் திருடா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் நம் பாஸ்கர் இமயமலைக்கே அதாரிட்டி ஆகிவிட்டான். லேக் மார்க்கெட்டில் நாம் டிபன் சாப்பிடும் கடையில் இப்போது அவன் தினமும் வகுப்பு எடுக்கிறான். பனியில் வண்டி ஓட்டுவது எப்படி என்று, சட்னிக் கிண்ணங்களை மலையாக அடுக்கி வைத்து. கேட்பவர்களில் பாதிப் பேர் டார்ஜிலிங் தாண்டிக் குளிரையே பார்க்காதவர்கள்.

உனக்குத் தெரியாததா அவனை? பத்து வருடமாக ஜனவரியில் மூன்று பேரும் காஷ்மீர் போய், பனியில் ஓடும் மோட்டார் வண்டி வாடகைக்கு எடுத்தோம். ஆள் போகாத சரிவுகளில் ஓட்டினோம். அத்தனை வருடத்தில் அவன் ஒரு தடவையாவது அடுத்தவன் சொன்னதைக் கேட்டிருக்கிறானா?

நீ லோக்கல் ரயில் மோட்டார்மேன். ஹாண்டிலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், கை எடுத்தால் ரயில் நின்றுவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் மலைக்கும் வந்தாய். "நான் கைய விட்டா வண்டி நிக்கணும்டா. எனக்கு அவ்வளவுதான் வேணும்" என்பாய். கட்டைவிரலால் அழுத்தும் ஆக்ஸிலேட்டரைத்தான் முதலில் வைத்திருந்தாய். இரண்டாம் நாளே விரல் வீங்கிவிடும். வண்டி கொடுக்கும் பஷீர் பாய்தான் அந்த லீவரை முன்பக்கம் திருப்பிப் பொருத்தி, சுட்டுவிரலால் இழுக்கும்படி செய்து கொடுத்தார். கட்டைவிரல் பிடியைச் சுற்றி நிம்மதியாக உட்கார்ந்தது.

"இது என்னடா, சைக்கிள் பிரேக்கா?" என்று பாஸ்கர் சிரித்தான். அவனுக்கு மோட்டார் பைக் மாதிரி திருகுகிற பிடிதான் வேண்டும். முப்பது வருடம் பைக் ஓட்டிய மணிக்கட்டாம். சதர்ன் அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓட்டிய மணிக்கட்டு.

போன ஜனவரியில் அந்த மணிக்கட்டு என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நீயும் நானும்தான். சரிவைக் குறுக்கே கடக்கும்போது அவன் வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. விழப்போகிறவன் பிடியை விடுவானா? இறுக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். பிடி கூடவே திரும்பி ஆக்ஸிலேட்டர் ஏறியது, வண்டி சீறிக்கொண்டு மேலே நின்றிருந்த உன்னைப் பார்த்து வந்தது. அவன் உருண்டு விழுந்தான், நீ பக்கத்தில் குதித்தாய், பிழைத்தாய். எழுந்து வந்த மகானுபாவன் சொன்னது: "பனி சரியில்ல."

நீ சிரித்துவிட்டு என் காதில் சொன்னாய்: "ஊர்ல யார்கிட்டயும் சொல்லாத முரளி. பாவம், அவன் மானம் போயிடும்." நானும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் உன் நெஞ்சு உன்னைக் கைவிட்டது. அதற்கப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது சேதியைக் கேள். வருகிற ஜனவரியில் உன் இடத்தில் மீனு வருகிறாள். ஆமாம், உன் மகள்தான். அவள் அம்மா லலிதாவே போய்வா என்று சொல்லிவிட்டாள்.

கருவிகளுக்கெல்லாம் பூப் போடும் விஸ்வகர்மா பூஜை அன்று சாந்த்ராகாச்சியில் உன் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். உன் படத்துக்கு முன்னால் உன் ஹெல்மெட், ஸ்பேனர்கள். பாஸ்கர் ஒரு பெட்டியோடு வந்தான். உள்ளே புத்தம்புதுத் திருகு பிடி. அதற்குச் சிந்தூரம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, புரோகிதரிடம் கொடுத்துப் பூவும் போட வைத்தான். "சுந்தரோட கடைசி ஆசை இது. அடுத்த தடவை நானும் இதுக்கு மாறிடறேன்னு என்கிட்ட சொன்னான்" என்றான். வெட்கமில்லாத பொய். லலிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கி மீனுவிடம் கொடுத்தாள். பூஜை போட்டு வந்ததை நம் வீடுகளில் யார் வேண்டாம் என்பார்கள்?

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரசாதக் கிச்சடி, அதுதான் கிச்சுரி, அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாஸ்கரையாவது முட்டாள் என்று சொல்லிவிடலாம். எல்லாம் தெரிந்தும் இரண்டாம் தடவை கிச்சுரி வாங்கிக்கொண்ட என்னை என்ன சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை அதே டிபன் கடை. மீனுவுக்குக் காபி டம்ளரைப் பிடித்துத் திருகிக் காட்டிக்கொண்டிருந்தான். "பயமா இருந்தா இன்னும் கெட்டியா பிடிச்சுக்கோ" என்றான்.

"கெட்டியா பிடிச்சு நீ உருண்டியே, அதையும் சொல்லு" என்றேன். பிறகு நானே எல்லாவற்றையும் சொன்னேன்.

"செத்தவன் பேரைச் சொல்லி என்னை அசிங்கப்படுத்தறியா?" என்றான்.

"அவன் பேரை முதல்ல எடுத்தது நீ."

மீனு அவனைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். "இவ்வளவு நாளா ஏன் சொல்லல, காக்கு?" சித்தப்பா என்று அவள் என்னை என்றைக்குக் கூப்பிட்டாள்? வங்காளத்தில் காக்குதான். உன் பேச்சைக் கேட்டேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் போன் செய்தாள். "பூஜை போட்டது அப்பா படத்துகிட்டயே இருக்கட்டும். பஷீர் அங்கிள்கிட்ட முதல்ல கட்டைவிரல் லீவர் கேக்கறேன், வலிச்சா அப்பா மாதிரி மாத்திக்கறேன். சரியா?" கையை விட்டால் நிற்கிறதா என்று நின்ற இடத்திலேயே பத்துத் தடவை பார்த்துவிட்டுத்தான் ஏறுவாளாம். உன் பெண் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

பாஸ்கரும் வருகிறான். தன்னுடைய பழைய திருகு பிடியோடு. டிக்கெட் போட்டாகிவிட்டது, அவனை யாராலும் திருத்த முடியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். சரிவில் எங்கே போனாலும் அவன் வண்டிக்கும் மீனு வண்டிக்கும் நடுவில் என் வண்டி இருக்கும்.

உனக்குத் தம்பியாக வாய்த்த சிநேகிதன்,
மீனுவின் காக்கு,
முரளி