வாய்விட்டுச் சொல்லாத பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்றுதான் தொலைபேசியில் பேசினோம், இன்று கடிதமும் எழுதுகிறேன், மன்னியுங்கள். யாரிடமும் கொடுக்காமல் நீங்களே படிக்க வேண்டுமென்று எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கு மூச்சுத்திணறல் குறைந்ததா?

எங்கள் மருத்துவமனையில் போன வாரம் ஒரு பெரியவருக்கு ஊசி மருந்து மாறிவிட்டது. என் கணினி வேலைக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். நோயாளியின் கைப்பட்டையைப் பார்த்துக் கணினி ஆளைச் சொல்லும். கை வீங்கியதால் அவருடைய பட்டையைக் கழற்றியிருந்தார்கள். பட்டை இல்லாவிட்டால் உறவினரிடம் பெயரைக் கேட்கும்படி திரையில் எழுதிவைத்தவள் நான்தான். பெரியவர் மருந்து மயக்கத்தில் கிடந்தார்; அருகில் மருமகள் மட்டும் இருந்தாள். செவிலியர் அவளிடம் கேட்டிருக்கிறார்.

"பேரைச் சொல்லும்மா."

"மாமனார் பேரை எப்படிக்கா நான் வாயால சொல்றது?"

"சொன்னா நாக்கு உதிர்ந்திடுமா?"

அவள் தலைத்துணிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். செவிலியர் கணினியில் கட்டில் எண்ணைப் போட்டு, அது காட்டிய ஊசியைக் குத்திவிட்டார். அன்று காலைதான் பெரியவர், மலை தெரியட்டும் என்று பக்கத்துக் கட்டில்காரரோடு இடம் மாறியிருந்தார். மறுநாள் இறந்துவிட்டார்.

உங்கள் மகளாக வளர்ந்தும் இது எனக்கு முன்பே தோன்றவில்லை, அம்மா.

பிஷ்கெக்கில் குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிக் காலுறையும் கொஞ்சம் உலர்தயிர் உருண்டையும் அனுப்புங்கள். நீங்கள் உருட்டியதாக இருக்கட்டும். பேருந்துக்கு நேரமாகிறது.

இன்னும் ஒன்று. திங்கட்கிழமை அப்பாவை நரின் மருத்துவமனையில் சேர்க்கும்போது அவர் பெயரை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். இத்தனை வருடத்தில் உங்கள் வாயால் அதை நான் கேட்டதே இல்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது, ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் சாய்கால்