தர்சினியின் ரேட்டிங்

சனி இரவு

இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். என் வாக்கு என்றைக்குப் பிழைத்தது? போனில் செஸ் ஆடிச் சேர்க்கும் ரேட்டிங் புள்ளி வேறு, பலகையில் ஆடும் கெட்டித்தனம் வேறு. சாவகச்சேரி செஸ் போட்டியில் தங்கை மகள் தர்சினி எல்லா ஆட்டத்திலும் தோற்றாள். போனில் காயைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கலாம். அந்தப் பழக்கத்தில் ராணியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.

"தொட்டால் நகர்த்தத்தான் வேணும், பிள்ளை" என்றார் எதிரே இருந்தவர். அவள் நகர்த்தியதும் அந்த ராணியை வெட்டினார்.

பஸ்ஸில் கேட்டாள்: "மாமா, என்னை ஏன் பெரிய ஆக்களோடை விட்டவை?"

"உன்ரை ரேட்டிங்கைக் கண்டு பயந்திட்டாங்களடி."

"அப்ப அது பொய். இனி நான் விளையாடமாட்டன்."

"ஓம், போன் பொய்தான் சொல்லும்" என்றேன். அவள் அழுதாள்.

நித்திரை வரவில்லை. போனில் அவளுக்கு இருப்பது ஆயிரத்து இருநூறு. போட்டிக்குப் பெயர் பதியும்போது இரண்டாயிரம் என்று சொன்னது நான்தான்.