மாறாத மரபணு

டப்ளின்
5 ஜூலை 2023

பிரியமான ஸ்டெபினுக்கு, மேரி எழுதுவது.

போனில் பேசினால் சண்டையில் போய் முடிகிறது, இனிக் கடிதம் போடு என்றீர்கள். போட்டுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. திட்டுவதானால் இப்போதே திட்டிவிடுங்கள்.

என் ஆராய்ச்சியில், இடுப்பு முறிந்தவர்களின் எலும்பில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கிறேன் அல்லவா? அதற்கு, எந்த எலும்பிலும் கூடாமல் குறையாமல் இருக்கும் இன்னொரு மரபணுவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். எல்லோரும் எடுப்பதையே நானும் எடுத்தேன், சோதித்துப் பார்க்காமல். இப்போது பார்த்தால் முறிந்த எலும்பில் அதுவே கூடிவிடுகிறது. அளவுகோலே நீண்டால் துணியை எப்படி அளப்பது? செய்ததெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து. இன்னும் ஒரு வருடமாவது ஆகும்.

இங்கே யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்ற தைரியம்தான்.

உங்கள்
இன்பமேரி

வெள்ளக்கடை
12 ஆகஸ்ட் 2023

அன்பு மேரிக்கு,

திட்டவில்லை. திட்டுவதற்கும் மனைவி எதிரில் இருக்க வேண்டுமே. மரபணு சமாசாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் புரிந்துகொண்டேன். இனி எடுப்பதையாவது ஆற அமரப் பார்த்து எடு.

இங்கே எஸ்டேட் கைமாறிவிட்டது. வாங்கியவர் காபிச் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் காட்டேஜ் கட்டப்போகிறாராம். காட்டேஜுக்குக் கணக்கெழுத என்னைப் போல ஒரு ரைட்டர் எதற்கு என்று பேச்சு அடிபடுகிறது. நேற்று ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் நம் எஸ்டேட் டிரைவர் அருள்சாமி பிடித்துக்கொண்டார். “ஏனுங்க ரைட்டரே, ஒத்தையில ஊட்ல என்னதான் பண்றீங்க? நொம்ப எளச்சுப் போயிட்டீங்க” என்றார். சிரித்து வைத்தேன்.

சரியாகத் தூக்கம் இல்லை, மேரி. ஒரு தடவை போன் செய்கிறாயா? சண்டை போட மாட்டேன்.

உன்
ஸ்டெபின்

டப்ளின்
20 அக்டோபர் 2023

பிரியமான ஸ்டெபினுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள். ஒரு நல்ல செய்தி! பல மரபணுக்களை எடுத்து, நல்ல எலும்பு, முறிந்த எலும்பு என்று எல்லாவற்றிலும் சோதித்துப் பார்த்தேன். யாரும் கண்டுகொள்ளாத இரண்டு அசையாமல் நின்றன. ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே அளவாக வைத்துக்கொண்டேன். பேராசிரியர் கைகுலுக்கினார். அறைக்கு வந்ததும், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அழுதுவிட்டேன்.

இங்கே எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது. உடன் வேலை செய்பவர்கள்கூட நிலையில்லை. நீங்கள் ஒருவர்தான் அப்படியே இருக்கிறீர்கள். அடுத்த மாதம் காபிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும், ஆட்களை விரட்டிக்கொண்டு நிற்பீர்கள் என்று நினைத்தேன். மனசு நிறைந்தது.

உங்கள்
இன்பமேரி

அடிவாரம்
28 நவம்பர் 2023

மேரிக்கு,

உன் கடிதத்தை அருள்சாமி மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார். செப்டம்பரில் எனக்கு வேலை போய்விட்டது. இப்போது சேலத்தில் ஒரு சிமெண்ட் குடோனில் பில் போடுகிறேன். நம் வீட்டில் ஒத்தையாக இருக்க முடியாமல் மலையடிவாரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். நீ நினைத்த பழம் பறிப்பு இந்த வருடம் இல்லை. செடியே இல்லை.

உன் வேலை கைகூடியதில் சந்தோஷம், நிஜமாகவே. ஆனால் எஸ்டேட் கைமாறியதை எழுதியிருந்தேன். தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தேன். ஒரு போன் கேட்டிருந்தேன். உன் பதிலில் என்னைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அந்த மரபணுவைச் சோதிக்காமல் நம்பியது போலத்தான் என்னையும் நம்பியிருக்கிறாய். அதையாவது பிறகு சோதித்தாய்.

கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது. உனக்காகக் காத்திருப்பதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை, மேரி. இனி எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

உன் துணிமணி, புத்தகம் எல்லாம் அந்த வீட்டிலேயே இருக்கின்றன. சாவி அருள்சாமியிடம் இருக்கிறது. என்றாவது வந்தால், கதவைத் திறந்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே. பழக்கத்தில் கூப்பிட்டுவிடுவாய்.

ஸ்டெபின்